அப்டேட் போட்டால் போனின் கதிர்வீச்சு கூடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஐபோன் 12-இன் கதிர்வீச்சு பிரான்சில் வரம்பைத் தாண்டியதாகவும், பிறகு ஒரு அப்டேட் விட்டு அதைக் குறைத்ததாகவும் செய்தியில் படித்தீர்கள். குறைக்க முடிகிறது என்றால் இன்னொரு அப்டேட்டில் கூட்டவும் முடியுமே என்ற பயத்தில், அம்மாவின் போனில் அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அது சரியா?

சரியில்லை. இன்றைக்கே அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் சந்தேகத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். ஒரு போன் எவ்வளவு வலுவாக அலைகளை அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்வதில் மென்பொருளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நீங்கள் ஊகித்தது உண்மைதான். அந்த உண்மையிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வரியில் சொன்னால் உங்கள் பயம் போகாது.

முதலில் பிரான்சில் நடந்தது. அங்கே ரேடியோ அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரசு முகமை ஏஎன்எஃப்ஆர். நிறுவனம் அனுப்பி வைக்கும் மாதிரிகளை நம்பாமல், கடைகளில் விற்பனைக்கு இருக்கும் போன்களையே எடுத்துச் சோதிப்பது அவர்கள் வழக்கம். அப்படி 141 போன்களைச் சோதித்ததில் ஐபோன் 12 ஒரு சோதனையில் தவறியது. கையில் பிடித்திருக்கும்போதோ கால்சட்டைப் பையில் இருக்கும்போதோ உடல் உள்வாங்கும் ஆற்றல் கிலோவுக்கு 4 வாட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தப் போனில் 5.74 வந்தது. உடலிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செய்யும் இன்னொரு சோதனையில் அதே போன் வரம்புக்குள்தான் இருந்தது. 2023 செப்டம்பர் 12 அன்று விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஏற்கெனவே விற்ற போன்களையும் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். அன்றுதான் ஐபோன் 15 அறிமுகமானது என்பதால் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. தங்கள் போன் பாதுகாப்பானது, இது பிரான்சின் சோதனை முறை சம்பந்தப்பட்ட பிரச்சினை என்று ஆப்பிள் மறுத்தது. ஆனாலும் அக்டோபர் கடைசியில் வந்த ஐஓஎஸ் 17.1 என்ற ஐபோன் மென்பொருள் அப்டேட்டில் பிரான்சுக்கென்று ஒரு மாற்றம் செய்தது. அந்த அப்டேட்டோடு மறுபடி அளந்தபோது 3.94.

ஆண்டெனாவை மாற்றவில்லை, போனைத் திறக்கவும் இல்லை. வெறும் அப்டேட்டில் 5.74 எப்படி 3.94 ஆனது? சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும்.

ஒரு பிளாஸ்டிக் தொட்டி போன்ற ஓடு. தலைக்கான சோதனை என்றால் அது தலையின் வடிவத்தில் இருக்கும், உடலுக்கும் கைகால்களுக்கும் தட்டையாக இருக்கும். உள்ளே ஒரு திரவம். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் வேறு சில பொருள்களும் கலந்து, ரேடியோ அலைகளை மனிதத் திசு எப்படி உள்வாங்குமோ அதே மாதிரி உள்வாங்கும்படி தயாரித்தது. ஓட்டுக்கு அடியில், வெளிப்பக்கமாகப் போனை ஒட்டி வைப்பார்கள். செயற்கை டவர் ஒன்று அந்தப் போனை முழு வலுவில் அனுப்பச் சொல்லி ஆணையிடும். மேலே ஒரு ரோபோ கை, மெல்லிய உணர்கருவியைத் திரவத்துக்குள் இறக்கி, புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் மின்புலத்தை அளக்கும். அதிகம் சூடேறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே 10 கிராம் திசுவுக்குச் சராசரி எடுப்பார்கள். அதுதான் எஸ்.ஏ.ஆர் என்று போன் பெட்டியில் போடும் எண்.

கவனியுங்கள், அந்தச் சோதனையில் போன் அசையவே அசையாது. ஐபோன் 12-இல் ஒரு வசதி இருந்தது. போன் மேசை மாதிரி அசையாத ஒரு பரப்பில் கிடக்கிறது, பக்கத்தில் உடல் இல்லை என்று சென்சார்கள் சொன்னால், அனுமதிக்கப்பட்ட வலுவை, டவரோடு பேசும் பகுதியான மோடம் சற்றே உயர்த்திக்கொள்ளும். சிக்னல் பலவீனமான இடங்களில் இது உதவும். உடல் அருகில் வந்ததும் இறக்கிவிடும். சோதனைக்கூடத்தில் ஓட்டுக்கு அடியில் கட்டிவைத்த போன் அசையாமல் இருக்கிறது, அதனால் அது மேசை மேல் கிடப்பதாகவே எடுத்துக்கொண்டு வலுவை ஏற்றிவிட்டது. ஐஓஎஸ் 17.1 செய்தது அந்த ஏற்றத்தை எடுத்துவிட்டதுதான். சிக்னல் குறைவான இடத்தில் மேசைமேல் வைத்துப் பயன்படுத்தினால் சிலருக்கு இணைப்பு லேசாகப் பலவீனமாகலாம் என்று அந்த நிறுவனமே சொல்லியது.

இதில் நான் பிரான்சின் பக்கம். நிஜ வாழ்க்கையில் கையில் இருக்கும் போன் அசையும், சென்சார் அதைக் கண்டுபிடித்துவிடும் என்பது ஆப்பிளின் வாதம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் பாதுகாப்பு வரம்பு என்று ஒன்றை வைத்துவிட்டால், சென்சார் சரியாக ஊகிக்கும் நேரத்தில் மட்டும் அது காப்பாற்றப்பட்டால் போதாது. கடையிலிருந்து தானே எடுத்துச் சோதித்து, தவறினால் பெரிய நிறுவனம் என்று பார்க்காமல் நிறுத்தச் சொல்லும் ஒரு அமைப்பு இருப்பது நம் எல்லோருக்கும் நல்லது. இதற்கு முன்பும் வேறு சில நிறுவனங்களின் போன்கள் இதே முகமையின் சோதனைகளில் சிக்கி, அப்டேட் விட்டோ திரும்பப் பெற்றோ வரம்புக்குள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. ஐபோன் என்பதால் இந்த முறை எல்லோர் காதிலும் விழுந்தது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி: கூட்ட முடியுமா? ஒரு எல்லைக்குள் முடியும். எந்த நாட்டில், எந்த அலைவரிசையில், எந்த நிலையில் எவ்வளவு வலு என்று மோடத்துக்குள் ஓர் அட்டவணை இருக்கும். உடல் அருகில் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சாருக்கு ஏற்ப அதில் எந்த வரிசையைப் பயன்படுத்துவது என்று மென்பொருள் தேர்ந்தெடுக்கும். அந்த அட்டவணையை ஓர் அப்டேட் மாற்றலாம். ஆனால் அதற்கு மேலே கூரை உண்டு. 4ஜி-யில் சாதாரணப் போன் ஒன்றின் உச்ச வலு சுமார் 0.2 வாட் என்று தரநிலையே வரையறுத்திருக்கிறது. மென்பொருளுக்கு என்ன ஆசை இருந்தாலும் உள்ளே இருக்கும், அலையை வலுவாக்கும் பெருக்கிச் சில்லு அதன் திறனுக்கு மேல் தராது. சட்டமும் சும்மா விடுவதில்லை. அமெரிக்காவில் சான்றிதழ் வாங்கிய பிறகு கதிர்வீச்சு அளவைக் கூட்டும் மாற்றம் எதையும் செய்தால், மறுபடி சோதித்து ஒப்புதல் வாங்கிய பிறகே வெளியிடலாம். ஆகவே, ரகசியமாக ஓர் அப்டேட் வந்து உங்கள் அம்மாவின் போனை அபாயமான கருவியாக மாற்றிவிடும் என்பதற்கு வழியில்லை. பிரான்ஸ் விஷயத்திலேயே பாருங்கள், வரம்பைத் தாண்டியது அப்டேட் போடாத போன், வரம்புக்குள் வந்தது அப்டேட் போட்ட போன்.

அப்புறம், வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிலோவுக்கு 4 வாட் என்பது அதைத் தாண்டியதும் கை வெந்துபோகும் கோடு இல்லை. அயனியாக்காத கதிர்வீச்சு, அதாவது போன் அலைகளைப் போல மூலக்கூறுகளை உடைக்காத கதிர்வீச்சு; அதிலிருந்து பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தக் கணக்கு இருக்கிறது. கை கால்களில் தீங்கு தரும் அளவு வெப்பம் ஏறத் தொடங்குவது கிலோவுக்கு 40 வாட் அளவில் என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி, 20 வாட், இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கு. பத்தில் ஒன்று, 4 வாட், குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் அடங்கிய பொதுமக்களுக்கு. தலைக்கும் உடலுக்கும் இதே வழியில் 20-லிருந்து 2-க்கு இறக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவும் இந்தியாவும் 1 கிராம் திசுவுக்குச் சராசரி எடுத்து 1.6 என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கின்றன. 5.74 என்பது விதிமீறல், அதில் சந்தேகமில்லை. ஆனால் தீங்கு தொடங்குவதாக எடுத்துக்கொண்ட அளவில் அது ஏழில் ஒரு பங்குதான். அதுவும் போன் முழு வலுவில் பல நிமிடம் இடைவிடாமல் அனுப்பினால் வரும் கணக்கு.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அணு உலையும் எக்ஸ்ரேயும் நினைவுக்கு வருவது இயல்பு. அவை மூலக்கூறுகளை உடைத்து, மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியவை. போன் அனுப்பும் 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்கு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் ஒரு துகளுக்கு இருக்கும் ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் வேதிப் பிணைப்புகளை அது உடைக்க முடியாது. அறிவியல் உறுதியாகக் கண்ட விளைவு ஒன்றுதான், திசு லேசாகச் சூடாவது.

சூடு என்றதும் இன்னொன்று. அப்டேட் போட்டதிலிருந்து போன் சுடுகிறது, கதிர்வீச்சு கூடிவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். பெரிய அப்டேட் முடிந்ததும் போன் பின்னணியில் படங்களை மறுபடி வகைப்படுத்தும், செயலிகளைப் புதுப்பிக்கும், தேடலுக்கான அட்டவணையைத் திருப்பி எழுதும். ஓரிரு நாள் செயலியும் பேட்டரியும் உழைப்பதால் வரும் சூடு அது. கையில் நீங்கள் உணரும் வெப்பத்தில் ஆண்டெனாவின் பங்கு மிகச் சொற்பம்.

புற்றுநோய் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் பயத்தின் அடியில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் வைத்தது. சான்று குறைவு, ஆனால் வாய்ப்பை முழுதாக மறுக்கவும் முடியவில்லை என்பது அந்தப் பிரிவின் பொருள். அதற்கு ஒரு காரணம், 13 நாடுகளில் நடந்து 2010-இல் வெளிவந்த இன்டர்ஃபோன் ஆய்வு. மொத்தத்தில் தொடர்பு தெரியவில்லை, ஆனால் மிக அதிகம் பேசிய பத்தில் ஒரு பங்கினரிடம் ஒருவகை மூளைக்கட்டி சற்று அதிகம் இருப்பதுபோல் தெரிந்தது. எத்தனை மணி நேரம் பேசினோம் என்று பல வருடம் கழித்து நினைவிலிருந்து சொன்ன கணக்கு அது. சிலர் நம்ப முடியாத அளவு நேரத்தைச் சொல்லியிருந்தார்கள். ஆய்வாளர்களே அந்த முடிவை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் எலிகளின் மேல் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய. நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு வருடம், உடல் முழுவதற்கும் கிலோவுக்கு 6 வாட் வரை கொடுத்தார்கள். ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் அதிகமாக இருந்தன. பெண் எலிகளிலும் சுண்டெலிகளிலும் அப்படித் தெளிவாக வரவில்லை. கதிர் வாங்கிய ஆண் எலிகள் வாங்காதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் உடல் முழுவதற்குமான பொது வரம்பு கிலோவுக்கு 0.08 வாட், எலிகளுக்குக் கொடுத்ததில் எழுபதில் ஒன்றைவிடக் குறைவு.

என் கருத்தில் எடை அதிகம் உள்ளவை மனிதர்களை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். பிரிட்டனில் 7 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், போன் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் மூளைக்கட்டியில் வித்தியாசம் இல்லை. 2024-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த குழுவும் போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம்கூட. போன் பயன்பாடு எங்கோ போய்விட்டது, மூளைப் புற்றுநோய் விகிதம் அதோடு சேர்ந்து ஏறவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அம்மாவுக்குப் போகும் அளவைக் குறைக்க வேண்டும் என்று விரும்பினால், அதில் தவறில்லை. ஆனால் அப்டேட்டில் கை வைக்காதீர்கள், சிக்னலைப் பாருங்கள். போன் எப்போதும் ஒரே வலுவில் அனுப்புவதில்லை. டவர் தெளிவாகக் கேட்டால் மெதுவாகப் பேசும், கேட்காவிட்டால் கத்தும். 3ஜி-யில் டவர் இந்த வலுவை விநாடிக்கு 1500 முறை திருத்திச் சொல்லும். நல்ல சிக்னலில் போன் அனுப்புவது உச்ச வலுவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். ஒரே போன், ஒரே மென்பொருள்: ஜன்னலோரம் பேசும்போது ஒரு அளவு, லிஃப்டுக்குள்ளோ வண்டி நிறுத்தும் அடித்தளத்திலோ பேசும்போது அதைப்போல் பல நூறு மடங்கு. ஓர் அப்டேட் ஏற்படுத்திய 5.74-க்கும் 3.94-க்கும் உள்ள வித்தியாசம் இதன் முன் ஒன்றுமே இல்லை.

போன் வாங்கும்போது எஸ்.ஏ.ஆர் எண்ணை ஒப்பிட்டு, 0.6 உள்ளது 1.2 உள்ளதைவிட இருமடங்கு பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வதும் இதனால்தான் பொருளற்றது. பல போன்களில் *#07# என்று டயல் செய்தால் அந்த எண்ணையோ அதற்கான விவரத்தையோ பார்க்கலாம். அது உச்ச வலுவில் எடுத்த, மிக மோசமான நிலையின் எண். நல்ல ஆண்டெனா உள்ள 1.2 போன், அன்றாடப் பயன்பாட்டில் 0.6 போனைவிடக் குறைவாக அனுப்புவது சாதாரணமாக நடக்கும். வரம்புக்குள் இருக்கிறதா என்பதற்கு மேல் அந்த எண்ணிடம் எதையும் கேட்காதீர்கள்.

தூரம்தான் இன்னொரு வழி. காதிலிருந்து ஒரு சாண் தள்ளினாலே தலைக்குப் போவது பெருமளவு விழுந்துவிடும். ஸ்பீக்கரில் பேசலாம், ஹெட்போன் போடலாம். புளூடூத் ஹெட்போனும் அலை அனுப்புவதுதானே என்று கேட்பார்கள். அனுப்புகிறது, சில மில்லிவாட். போனின் உச்சம் 200 மில்லிவாட்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதில் இருக்கும் உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழு, சாம்சங் தயாரித்த எக்ஸினோஸ் மோடங்களில் 18 பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டதாக அறிவித்தது. அவற்றில் நான்கு மிக மோசமானவை. போன் நம்பர் மட்டும் தெரிந்தால் போதும், உரிமையாளர் எதையும் தொடாமலேயே தாக்குபவர் மோடத்துக்குள் நுழைந்துவிடலாம். பல நிறுவனங்களின் போன்களில் அந்த மோடம் இருந்தது. சரியான தீர்வு அப்டேட் மட்டுமே. எந்த மோடத்தை மாற்றிவிடுவார்களோ என்று நீங்கள் அப்டேட்டை நிறுத்தினீர்களோ, அதே மோடத்தின் கதவு திறந்து கிடக்கும் நிலை அது. வயதானவர்களின் போனில் வங்கிச் செயலி, ஓடிபி, குடும்பப் படங்கள், மருத்துவ அறிக்கைகள் எல்லாம் இருக்கின்றன. இந்த ஆபத்துக்கு நிரூபணம் தேட வேண்டியதில்லை, பணம் இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதற்கும் ரேடியோ அலைக்கும் சம்பந்தமில்லை. ஐபோன் 12-லிருந்து பின்பக்கம் வலுவான காந்தங்கள் வைத்தார்கள். சில வகை பேஸ்மேக்கர்களும், இதயத் துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர்களும் பக்கத்தில் காந்தம் வந்தால் வேறு நிலைக்கு மாறிவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. போனை அந்தக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லி ஆப்பிளும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2021-இல் அறிவுறுத்தின. சட்டையின் மேல்பையில் போன் வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். இதை எந்த அப்டேட்டும் மாற்றாது.

கடைசியாக, போனின் பின்னால் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்களும் கழுத்தில் போடும் பதக்கங்களும். ஸ்டிக்கர் ஆண்டெனாவை மறைக்காவிட்டால் அது எதையும் செய்யாது. மறைத்தால் டவரோடு பேசப் போன் இன்னும் வலுவாக அனுப்ப வேண்டிவரும், நீங்கள் வாங்கியதற்கு நேர்மாறான பலன். பதக்கங்கள் இன்னும் மோசம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு முகமை, 5ஜி-யிலிருந்து காப்பதாக விற்ற பத்துப் பொருள்களைச் சோதித்தது. அவற்றில் கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. போனிலிருந்து வராத, திசுவைச் சேதப்படுத்தக்கூடிய அயனியாக்கும் கதிர்வீச்சு அந்தப் பதக்கங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கான கைவளையமும் அந்தப் பட்டியலில் இருந்தது. நீண்ட நாள் அணிந்தால் தோலுக்குத் தீங்கு வரலாம் என்று எச்சரித்து, உடனே கழற்றி, மூடிப் பத்திரமாக எடுத்துவைக்கச் சொன்னார்கள். அந்த மாதிரிப் பதக்கம் எதையாவது யாராவது அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தால், முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.